புரொபேட் செலவு: யாருக்கு, எதற்கு, யார் பணத்தில்?

குடும்பத்தில் ஒருவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு ஒருநாள் பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பார்ப்போம். அன்றைக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும். "உயில் எழுதி வச்சிருக்காரே, இதுக்கு கோர்ட்டுக்குப் போகணுமா? போனா எவ்வளவு ஆகும்?" சொத்தில் பத்து சதவீதம் வக்கீலுக்குப் போய்விடும் என்பார் ஒருவர். இன்னொருவர் சட்டமே மாறிவிட்டது, இனிமேல் புரொபேட், அதாவது உயிலுக்கு நீதிமன்றம் தரும் உறுதி, கிடையாது என்று போனில் வந்த செய்தியைக் காட்டுவார். நாமினி போட்டிருந்தால் எதுவுமே வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு குரல் வரும். மூன்று பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒன்றைக்கூட அப்படியே நம்பி முடிவெடுக்க முடியாது.

என் அத்தை ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மாமா இறந்த பிறகு ஒரு வக்கீலிடம் "எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகை பேசி, ரசீது வாங்காமல் கொடுத்துவிட்டார். எட்டு மாதம் கழித்துக் கோர்ட் கட்டணம் தனி என்று கேட்டபோதுதான், "எல்லாம்" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது. அவர் படிக்காதவர் இல்லை, முப்பது வருடம் கணக்குப் பார்த்த வேலையில் இருந்தவர். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு யாராவது பொறுமையாக விளக்கிச் சொன்னால் போதும், இப்படி நடக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இது முழுக்க இந்தியச் சட்டத்தைப் பற்றியது, அதிலும் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

புரொபேட் என்றால் என்ன?

ஒரு சின்னச் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். உங்கள் நண்பர் தன் வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "சாவியை இவரிடம் கொடுத்துவிடு" என்று நண்பர் எழுதியதாக ஒரு சீட்டை நீட்டுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நண்பருக்குப் போன் போட்டு, "நீ எழுதினதுதானா?" என்று கேட்பீர்கள். சரி, அந்த நண்பர் இப்போது உயிரோடு இல்லை என்றால்?

உயிலில் இருக்கிற சிக்கல் முழுவதும் இதுதான். எழுதியவர் போன பிறகுதான் அது உயிர் பெறுகிறது, எழுதியது நீதானா என்று கேட்க அப்போது அவர் இருப்பதில்லை. வங்கியோ, பதிவு அலுவலகமோ, சொத்தை வாங்க வருபவரோ, சாவியைக் கையில் வைத்திருக்கிற அந்த நண்பரின் இடத்தில்தான் நிற்கிறார்கள். தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தன் தலையில் விழும் என்ற பயம் அவர்களுக்கு.

அந்தப் போன் அழைப்புக்குப் பதிலாக நீதிமன்றம் விசாரித்து, இது அவர் எழுதிய கடைசி உயில்தான், சட்டப்படி செல்லும் என்று முத்திரை போட்டு உயிலின் நகலோடு சேர்த்துக் கொடுப்பதுதான் புரொபேட். அது உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் இடையிலான தீர்ப்பு மட்டும் கிடையாது, எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள். புரொபேட் உயிலைப் பற்றித்தான் பேசும், சொத்தைப் பற்றிப் பேசாது. அப்பா தன்னுடையது என்று எழுதி வைத்த நிலம் உண்மையில் தாத்தாவின் பூர்வீகச் சொத்து என்று சித்தப்பா சொன்னால், அந்தச் சண்டையை புரொபேட் நீதிமன்றம் தீர்க்காது. அதற்கு வேறு வழக்கு, வேறு செலவு.

உயிலில் சொன்னதை நடத்தி வைக்க, எழுதியவரே ஒருவரை நியமித்திருந்தால் அவர்தான் நிறைவேற்றுநர், பேச்சில் எக்ஸிகியூட்டர். புரொபேட் அவருக்குத்தான் கிடைக்கும். உயில் இருந்து அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்றாலோ, நியமிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலோ, புரொபேட்டுக்குப் பதிலாக நிர்வாக உரிமைக் கடிதம் கேட்க வேண்டும். வக்கீல்கள் இதை எல்.ஓ.ஏ. என்பார்கள். கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனால் இதற்குப் பெரும்பாலும் ஜாமீனோடு ஒரு பிணைப் பத்திரமும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். உயில் எழுதும்போது ஒரே ஒரு வரியில் நிறைவேற்றுநரின் பெயரை எழுத மறந்ததற்காகப் பின்னால் வருகிற அலைச்சல் இது.

இறந்தவர் விட்டுப்போன சொத்தும் கடனும் சேர்ந்த மொத்தத்தைச் சட்டம் எஸ்டேட் என்கிறது. அந்தச் சொத்தைத் திரட்டி, கடனை அடைத்து, மிச்சத்தை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் எஸ்டேட் நிர்வாகம். புரொபேட் என்பது அந்த வேலையைத் தொடங்குவதற்கான அனுமதிச் சீட்டு. இரண்டுக்கும் செலவு தனித்தனி. பலரும் புரொபேட் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள், பாதி வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் உறுதிதான் புரொபேட், நிறைவேற்றுநர் இல்லாவிட்டால் எல்.ஓ.ஏ., அதன் பிறகு நடக்கிற வசூல், கடன் தீர்ப்பு, பங்கீடு எல்லாம் எஸ்டேட் நிர்வாகம்.

சட்டம் மாறிவிட்டதாமே?

ஆமாம், மாறியிருக்கிறது. ஆனால் செய்தியில் சொல்கிற மாதிரி இல்லை.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213 என்று ஒரு பிரிவு இருந்தது. பழைய மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா ஆட்சிக்காலத்து எல்லைகளை வைத்து எழுதிய பிரிவு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி அதிகார எல்லைக்குள், அதாவது சென்னை மாநகருக்குள் ஓர் இந்து உயில் எழுதினாலோ, எங்கோ எழுதிய உயிலில் சென்னைக்குள் இருக்கிற வீடு, நிலம் வந்தாலோ, புரொபேட் வாங்காமல் அந்த உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை நிலைநாட்ட முடியாமல் இருந்தது. பௌத்தர், சீக்கியர், சமணர், பார்சிகளுக்கும் இந்தக் கட்டாயம் இருந்தது. முஸ்லிம்களுக்குக் கிடையாது, கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. மதுரையில் உயில் எழுதி மதுரையில் சொத்து வைத்திருந்த ஓர் இந்துவின் குடும்பத்துக்கு இந்தக் கட்டாயம் எப்போதுமே இருந்ததில்லை. இது தெரியாமலே மாவட்டங்களில் எத்தனையோ பேர் பயந்துகொண்டிருந்தார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் அந்த 213ஆம் பிரிவை எடுத்துவிட்டது. ஒரே நாட்டில் ஊரையும் மதத்தையும் பார்த்து வேறு வேறு விதி எதற்கு என்பதுதான் காரணம். என் பார்வையில் இது நல்ல மாற்றம், வெகு நாள் முன்பே செய்திருக்க வேண்டியது.

ஆனால் எடுத்தது கட்டாயத்தைத்தான். புரொபேட் என்ற நடைமுறை அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் இன்றைக்கும் கேட்டு வாங்கலாம். வாங்க வேண்டிய சூழ்நிலைகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு மட்டும் அதிகம் எழுதியிருக்கிறார், மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே புரொபேட் வாங்கி வைப்பது பின்னால் வரப்போகிற வழக்குக்கு முன்கூட்டியே போட்ட வேலி. பெரிய தொகைக்குச் சொத்தை விற்கப் போகிறீர்கள் என்றால், வாங்குகிறவரின் வக்கீல் அதைக் கேட்கவும் கேட்பார். கட்டாயம் போனதால் உயிலை நிரூபிக்கிற பொறுப்பும் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். யாராவது கேள்வி எழுப்பினால் சாட்சியை நிறுத்தி நிரூபித்தே ஆக வேண்டும்.

செலவைப் பிரித்துப் பார்ப்போம்

வீடு வாங்கிப் பத்திரம் பதிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அன்றைக்குக் கையை விட்டுப் போகிற பணம் ஒரே தொகை மாதிரிதான் தெரியும். ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகும், பத்திரம் எழுதினவருக்கு அவர் கூலி, வில்லங்கச் சான்று, நகல், போக்குவரத்து என்று சில்லறையாகக் கொஞ்சம். பத்திர எழுத்தரிடம் பேரம் பேசலாம், முத்திரைத் தீர்வையில் பேச முடியாது. புரொபேட் செலவும் அப்படியே மூன்று கையாகப் பிரிகிறது.

முதல் கை அரசுடையது. நீதிமன்றக் கட்டணம், மனுவோடு கட்டுகிற அல்லது உத்தரவு கைக்கு வருமுன் கட்டுகிற தொகை. இதை மாநிலங்கள் தங்கள் சட்டப்படி நிர்ணயிக்கின்றன. தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணங்கள் சட்டம். சொத்து மதிப்பைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு விகிதம் வைப்பதுதான் பொதுவான முறை. சில மாநிலங்களில் இவ்வளவுக்கு மேல் போகாது என்று உச்ச வரம்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் அந்த வரம்பு 75,000 ரூபாய், அங்கே ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கும் இருபது கோடி ரூபாய் வீட்டுக்கும் புரொபேட் கட்டணம் ஒன்றுதான். இந்தப் பகுதியில் வக்கீல் தள்ளுபடி தர முடியாது, கூட்டவும் முடியாது, ஏனென்றால் அது அவர் பணம் இல்லை.

ஆனால் மதிப்பைச் சரியாகக் காட்டுவதில் கவனம் வேண்டும். மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் போகும், அதில் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் சொத்துகள், இன்னொன்றில் அவற்றிலிருந்து கழிக்க வேண்டியவை: வீட்டுக் கடன் பாக்கி, மற்றக் கடன்கள், ஈமச் செலவு. கட்டணம் கழித்த மிச்சத்துக்குத்தான். 80 லட்சம் ரூபாய் வீட்டில் 30 லட்சம் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கணக்கு 50 லட்சத்துக்கு. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பாதிப் பாதி இருந்து கணவர் இறந்தால், அவருடைய பாதியை மட்டும்தான் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது பட்டியலைச் சோம்பேறித்தனமாக வெறுமையாக விட்டு, தேவையில்லாமல் அதிகம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கை வக்கீலுடையது. இதைப் பற்றித்தான் அதிகம் குழப்பம், தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கை சில்லறைச் செலவு. நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவது, வாரிசுகளுக்கு நோட்டீஸ், சொத்து மதிப்பீட்டாளர் கட்டணம், நோட்டரி, சான்றிட்ட நகல்கள். ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும், நாளிதழ் அறிவிப்பு மட்டும் கொஞ்சம் கடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் ரசீது கிடைக்கும், கிடைத்தே ஆக வேண்டும்.

சில பேர் நான்காவதாக வாரிசு வரி என்று ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி என்ற அந்த வரி 1985இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம் என்று படிக்கிற செய்தியெல்லாம் அந்த நாட்டுக்கானது.

ஆக, யாராவது "புரொபேட்டுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகை சொன்னால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதில் அரசுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு, மற்றச் செலவுக்கு எவ்வளவு?

வக்கீல் கட்டணமும் அந்தப் பத்து சதவீதமும்

இந்தச் சதவீதப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஒரு பகுதி இணையத்தில் படிக்கிற அமெரிக்கக் கட்டுரைகளிலிருந்து வந்திருக்கும். கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமே புரொபேட் வக்கீலுக்குச் சதவீதத்தில் கட்டணம் சொல்கிறது: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த ஒரு லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2 என்று இறங்கிப் போகும். இன்னொரு பகுதி, நம் ஊரிலேயே நீதிமன்றக் கட்டணம் சதவீதத்தில் இருப்பதால் அதையும் வக்கீல் கட்டணத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது.

இந்தியாவில் புரொபேட் வக்கீலுக்கு இத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதற்கும் மேலே, "இப்போது எதுவும் வேண்டாம், சொத்து கைக்கு வந்ததும் பத்து சதவீதம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளுக்கே எதிரானது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கிற சொத்தில் பங்கு கேட்பதையும் அந்த விதி தடுக்கிறது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இந்தப் பேச்சு உதவி மாதிரிதான் தோன்றும். ஒரு கோடி ரூபாய் வீட்டில் பத்து சதவீதம் என்றால் பத்து லட்சம், தகராறே இல்லாத ஒரு மனுவுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எப்படிப் பேசுவது? நடைமுறையில் மூன்று விதம் உண்டு. முழு வேலைக்கும் ஒரே தொகை. அல்லது கட்டம் கட்டமாக: மனு தாக்கலுக்கு இவ்வளவு, அறிவிப்பு முடிந்ததும் இவ்வளவு, உத்தரவு வந்ததும் மிச்சம். அல்லது ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவ்வளவு. தகராறு இல்லாத மனுவுக்கு வாய்தா கணக்கில் போக ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். வக்கீல் நாணயமானவராகவே இருந்தாலும், நீதிபதி விடுப்பு, பட்டியலில் வழக்கு எட்டவில்லை என்று அவர் கையில் இல்லாத காரணங்களால் வாய்தா கூடும், அத்தனைக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். கட்டம் கட்டமாகப் பேசுவது இரு பக்கத்துக்கும் நியாயமாக இருக்கும்.

எதைப் பேசினாலும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கட்டணம் எதையெல்லாம் உள்ளடக்கும், யாராவது ஆட்சேபித்தால் என்ன ஆகும், உத்தரவு வந்த பிறகு பட்டா மாற்றம், வங்கி வேலை இதில் சேருமா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். சங்கடமாக இருக்கிறது என்று கேட்காமல் விடாதீர்கள், நல்ல வக்கீல் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று, தனிப்பட்ட குடும்ப வேலைக்கு வருகிற வக்கீல் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வியாபார நிறுவனங்களுக்குத்தான் அந்தப் பேச்சு வரும்.

கட்டணம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

இதைப் புரிந்துகொள்ள, மனு உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உயிலின் அசல், இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் யார் யார் என்ற விவரம், சொத்துப் பட்டியல், உயிலில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவராவது தரும் பிரமாணப் பத்திரம், இத்தனையும் சேர்த்து நிறைவேற்றுநர் மனு போடுகிறார். சென்னையில் உயர் நீதிமன்றத்தில், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றத்தில். நீதிமன்றம் வாரிசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பும், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று பொது அறிவிப்பும் நாளிதழில் வரும். யாரும் வரவில்லை என்றால், சாட்சியத்தைப் பார்த்துவிட்டு உத்தரவு. எளிமையாக முடிந்தாலும் இதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

இந்த வேலையின் அளவு சொத்தின் மதிப்பைப் பொறுத்தது இல்லை. ஒரே மகளுக்கு எழுதிய ஐந்து கோடி ரூபாய் வீட்டுக்கும், அதே மாதிரி எழுதிய முப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கும் மனு கிட்டத்தட்ட ஒரே நீளம். வேலையைக் கூட்டுவது வேறு விஷயங்கள். வாரிசுகள் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் வெளிநாட்டில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. சாட்சிகள் இருவரும் இறந்துவிட்டார்கள், அவர்கள் கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆள் தேட வேண்டும். அசல் உயில் கிடைக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றும் கூடுதல் மனு, கூடுதல் நாள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஆட்சேபணை. உயிலை எதிர்க்க உரிமையுள்ள ஒருவர் தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று பதிவு செய்வதைக் கேவியட் என்பார்கள். அது வந்து, எதிர்ப்பு உறுதியானதும், மனு அப்படியே ஒரு முழு வழக்காக மாறிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால், ஓ.பி. (மனு) எண் போய் டி.ஓ.எஸ். (உயில் வழக்கு) எண் வந்துவிட்டது என்பார்கள். எண் மாறினால் உலகமே மாறியது மாதிரிதான். எழுத்து மூலமான எதிர்வாதம், சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, கையெழுத்து நிபுணர், அப்புறம் மேல்முறையீடு. மாதங்கள் ஆண்டுகளாகும். கடைசியில் தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டாலும், உண்மையில் செலவான தொகை முழுவதும் திரும்பி வருவது அபூர்வம்.

அதனால், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வக்கீலிடம் ஐயாயிரம் பேரம் பேசுவதை விட, அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் உயிலின் நகலைக் காட்டி, ஆட்சேபணை இல்லை என்று ஒப்புதல் பிரமாணப் பத்திரம் வாங்குவது பல மடங்கு பலன் தரும். மறைத்து வைத்துச் செய்தால்தான் சந்தேகம் வரும், நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்கிற தங்கைக்குக் கோபம் வருவது நியாயம்தானே.

இந்தப் பகுதியின் சாரம்: செலவை ஏற்றுவது சொத்தின் மதிப்பை விட அதிகமாக, ஆட்களும் காகிதங்களும்தான். ஒப்புதல்கள் கையில் இருந்தால் மனு, ஒருவர் எதிர்த்தால் வழக்கு.

இந்தப் பணத்தை யார் கொடுக்க வேண்டும்?

நிறைவேற்றுநராக இருக்கிற மூத்த மகன், தன் சம்பளத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டிவிட்டு, மனதுக்குள் வைத்துக் குமைவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எஸ்டேட்டிலிருந்து எது முதலில், எது அடுத்து என்று வாரிசுரிமைச் சட்டம் வரிசையே போட்டு வைத்திருக்கிறது. முதலில் நியாயமான ஈமச் செலவும், கடைசி ஒரு மாத மருத்துவ, பராமரிப்புச் செலவும். அதற்கு அடுத்தபடியே புரொபேட் அல்லது எல்.ஓ.ஏ. வாங்கிய செலவும், எஸ்டேட் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்ட வழக்குச் செலவும். பிறகு, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த வீட்டுப் பணியாளர், தொழிலாளிகளின் கூலி பாக்கி. அதற்கப்புறம்தான் மற்றக் கடன்கள், அதற்கும் பிறகுதான் உயிலில் பெயர் உள்ளவர்களுக்கான பங்கு. வீட்டில் சமையல் வேலை செய்த பணிப்பெண்ணின் சம்பள பாக்கி, பிள்ளைகளின் பங்குக்கு முன்னால் நிற்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் தனி மரியாதை வந்தது.

அதனால் உங்கள் கையிலிருந்து கட்டியிருந்தால், ரசீதுகளைக் காட்டி எஸ்டேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உத்தரவு கிடைத்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பலர் இதைச் செய்வதே இல்லை, ஆனால் கேள்வி வரும் நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் கணக்குதான். ஒரு நோட்டு, ஒரு கவர், ரசீது எல்லாம் அதில். உங்கள் சொந்தக் கணக்கோடு எஸ்டேட் பணத்தைக் கலக்காதீர்கள்.

எதிர்த்து வழக்காடுகிற வாரிசு அமர்த்திக்கொள்கிற வக்கீலுக்கு அவரே கட்ட வேண்டும். எஸ்டேட் அதைச் சுமக்க வேண்டுமா என்பது நீதிமன்றம் முடிவு செய்கிற விஷயம்.

எப்போது இந்தச் செலவே வேண்டாம்?

இதற்கு முன்னால் மூன்று காகிதங்களின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாரிசுச் சான்றிதழ் என்பது தாசில்தார் தருவது, இறந்தவருக்கு யார் யார் சட்டப்படி வாரிசு என்று மட்டும் சொல்லும், செலவு மிகக் குறைவு. சக்ஸஷன் சர்டிபிகேட் என்பது நீதிமன்றம் தருவது, வங்கிப் பணம், பங்கு, பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றை வசூலிக்க மட்டும், வீடு நிலத்துக்கு உதவாது. இதற்கும் நீதிமன்றக் கட்டணம் உண்டு. மூன்றாவது நாம் இவ்வளவு நேரம் பேசிய புரொபேட். முதலாவதற்குப் போக வேண்டியவர் இரண்டாவதற்குப் போய்ப் பணத்தைக் கரைத்துவிடக் கூடாது.

வங்கியில் நாமினி இருந்தால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும், புரொபேட் கேட்காது. ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோ உரியவர்களுக்கு அதைத் தர வேண்டும். நிறுவனப் பங்குகளுக்கும் இதேதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே போய்ப் போட்டுவிடுங்கள்.

நாமினி இல்லை, உயில் இல்லை, தகராறும் இல்லை என்றாலும் வழி உண்டு. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, 15 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு, கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை, நீதிமன்ற ஆவணம் கேட்காமல் எளிய முறையில் வங்கி தீர்த்து வைக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் ஒரு பொறுப்புறுதிப் பத்திரமும் கொடுத்தால் போதும். சக்ஸஷன் சர்டிபிகேட் வாங்கி வா என்று கிளையில் சொன்னால், உடனே வக்கீலைத் தேடி ஓடாமல் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

உயில் இல்லாத சொத்தில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து முடித்துக்கொள்ளலாம். அதற்கு முத்திரைத் தீர்வை உண்டு, நீதிமன்றம் தேவையில்லை.

காசே இல்லை என்றால்

கணவர் இறந்து, வருமானமும் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு மேலே சொன்னதெல்லாம் எட்டாத பேச்சாக இருக்கும். அவருக்காக இதைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள், வருமானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதே இல்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும், அங்கே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். அலைய முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போகும்போது இறப்புச் சான்றிதழ், உயில், வாரிசுகளின் பெயர்ப் பட்டியல், சொத்துப் பத்திரங்களின் நகல், கடன் பாக்கி விவரம் இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். உயிலின் அசலை மட்டும், அது மனுவோடு தாக்கலாகிற நாள் வரைக்கும், உங்கள் கையிலேயே பத்திரமாக வைத்திருங்கள். அதுவரை நகல் போதும்.